வாய்க்காலுக்கு யார் காசு?

செல்லூர் கண்மாயிலிருந்து வைகை ஆற்றுக்கு ஒரு சிமென்ட் கால்வாய். நீளம் 290 மீட்டர். மதிப்பீடு 11 கோடியே 90 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் 25 மழையில் மதுரையின் வடபகுதி தண்ணீரில் நின்ற பிறகு மாநில அரசு அறிவித்த வேலை இது. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 4 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது.

இந்தக் கணக்கை எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவிடம் சொன்னேன். அந்த மழையில் அவர் வீட்டுக்குள் முழங்காலுக்குத் தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டிக்குள் பல வருஷத்து வீட்டுவரி ரசீதுகள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து, கொடியில் துணி கிளிப் மாட்டிக் காயப்போட்டிருந்தார். "மீட்டருக்கு நாலு லட்சமா?" என்று கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இந்தா தொங்குதே, இந்தக் காசா தம்பி அது? இல்ல, வேற யாரும் குடுக்குறாகளா?"

பெரும்பாலும் வேறு யாரோதான் கொடுக்கிறார்கள். அந்த வேறு யாரோ எதற்குக் கொடுப்பார், எப்போது கொடுப்பார், எதற்குக் கொடுக்கவே மாட்டார் என்று தெரிந்துகொண்டால், ஒவ்வொரு ஐப்பசியிலும் நம் தெருவில் நடப்பது கொஞ்சம் பிடிபடும். அக்காவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் எட்டாயிரம் லாரிக்கு மேல் வேண்டும். மதுரை மாநகராட்சியின் பரப்போ ஏறக்குறைய 148 சதுர கிலோமீட்டர். மண் தரையாக இருந்தால் ஒரு பங்கை நிலம் குடித்துக்கொள்ளும். சிமென்ட் தளமும் பேவர் பிளாக்கும் போட்ட தெருவில் கிட்டத்தட்ட அத்தனையும் ஓடத்தான் பார்க்கும்.

மதுரையில் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவுதான். அதில் 10 சென்டிமீட்டர் ஒரே பொழுதில் கொட்டினால், வருஷத்து மழையில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் அன்றைக்கே வந்துவிட்டது என்று பொருள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஓரிடத்தில் மொத்தமாக இறக்கிவைக்கவும் செய்யும். காலநிலை மாற்றம் என்பதை நாம் தெருவில் சந்திக்கும் வடிவம் இதுதான்: மொத்த மழை பெரிதாகக் கூடவேண்டும் என்றுகூட இல்லை, பெய்கிற நேரம் சுருங்கினால் போதும்.

நகரத்து மழைநீர் வடிகால்கள் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய கனமழையைக் கணக்கில் வைத்து அளவெடுக்கப்படுகின்றன. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு அளவெடுத்தால் தெருவே வாய்க்காலாகிவிடும், செலவும் தாங்காது. ஆகவே எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் ஏதோ ஒரு மழைக்கு வாய்க்கால் நிரம்பி வழியத்தான் செய்யும். வழிந்த தண்ணீர் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'காலநிலைத் தாங்குதிறன்' என்று அறிக்கைகளில் வருகிற சொல்லுக்கு நான் புரிந்துகொண்ட பொருள் இது: மழை வந்தால் எவ்வளவு கெடும், கெட்டதற்கு அப்புறம் எத்தனை நாளில் அக்கா மறுபடி அடுப்பு பற்றவைக்க முடியும்.

மதுரையில் அந்த உட்காரும் இடத்துக்குப் பெயர் கண்மாய். மழைக்காலத்தில் வாங்கிக்கொள்ளும், கோடையில் நிலத்தடி நீராகத் திருப்பிக் கொடுக்கும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே மருந்து. அந்த மருந்தை நாம் என்ன செய்தோம் என்பது ஊருக்கே தெரியும். மாநகராட்சியின் தலைமை அலுவலகமே தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. உயர்நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றி மனுக் கொடுக்கப் போகிறவர், ஒரு கண்மாய்க்குள் நடந்துபோய்த்தான் கொடுக்கவேண்டும்.

யாருடைய வாய்க்கால்?

காசைப் பற்றிப் பேசுமுன் சொந்தக்காரர் யார் என்று பார்க்கவேண்டும். சொந்தக்காரர் மாறினால் கஜானாவும் மாறும்.

தெருவோர வாய்க்கால் மாநகராட்சியுடையது. அதே வாய்க்கால் மெயின்ரோட்டை ஒட்டி ஓடினால், அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும் பட்சத்தில், அவர்களுடையது. கண்மாயும் அதிலிருந்து ஆற்றுக்குப் போகும் கால்வாயும் நீர்வளத் துறை. கரையில் யார் வீடு கட்டியிருக்கிறார், எல்லைக்கல் எங்கே என்று அளந்து சொல்லவேண்டியது வருவாய்த் துறை. ஏரி, கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது. நடுவில் தண்டவாளம் குறுக்கிட்டால் ரயில்வே.

கிராமத்தில் வேறு ஒரு கோடு உண்டு. ஆயக்கட்டு 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கண்மாய் நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஆயக்கட்டு என்பது அந்தக் கண்மாய்த் தண்ணீரால் பாயும் நிலத்தின் அளவு. தண்ணீர் திறந்துவிடும் மடையும் உபரி வழியும் கலுங்கும் ஒழுங்காக இருந்தால் யாருக்கு லாபம் என்பதற்கு அந்த ஏக்கர் கணக்குதான் சாட்சி. மராமத்துக்குப் பணம் கேட்கும்போது முதலில் எழுதுவதும் அதைத்தான்.

மதுரைக்குள் சிக்கிக்கொண்ட கண்மாய்களின் கதி இந்த இடத்தில்தான் புரியும். செல்லூர்க் கண்மாயை நம்பி இன்று எந்த வயலும் இல்லை. வயல்களெல்லாம் நகர்களாகிவிட்டன. பாசனத்துக்கென்று ஒதுக்கும் பணத்தைக் கேட்க ஆயக்கட்டு இல்லை, கேட்டுச் சண்டை போட விவசாயியும் இல்லை. ஆனால் கண்மாய் தன் வேலையை நிறுத்தவில்லை. வடக்கே ஆனையூர், ஆலங்குளம் பக்கமிருந்து வருகிற உபரி நீரை வாங்கிக்கொண்டு, பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகைக்கு அனுப்புகிறது. அனுப்ப முடியாத அளவுக்கு வந்தால் செல்லூர், நரிமேடு தெருக்களில் வைத்துக்கொள்கிறது. பாசனக் கண்மாயாகப் பிறந்து வெள்ளத் தொட்டியாக வேலை பார்க்கும் ஒன்றுக்கு, நம் கணக்குப் புத்தகங்களில் தலைப்பே கிடையாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால், எனக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அஞ்சறைப்பெட்டி

உள்ளாட்சியின் பணத்தை ஒரே உண்டியல் என்று நினைத்துக்கொள்கிறோம். அது அஞ்சறைப்பெட்டி. கடுகு இருக்கும் அறையிலிருந்து சீரகம் எடுக்க முடியாது. மாநகராட்சியிடம் கோடி கோடியாகப் பணம் இருந்தும் ஒரு வாய்க்காலை அடைத்த மண்ணை எடுக்கப் பணமில்லை என்று அவர்கள் சொல்லும்போது, அது பொய்யாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சீரக அறை காலி, அவ்வளவுதான்.

முதல் அறை சொந்த வருமானம். சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம். இந்தப் பணத்துக்கு மேலேயிருந்து இன்னதற்கென்று பெயர் எழுதி வருவதில்லை. மாமன்றம் நினைத்தால் எந்த வார்டு வாய்க்காலுக்கும் போடலாம். ஆனால் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குப்பை அள்ளும் செலவு எல்லாமும் முதலில் கைவைப்பது இந்த அறையில்தான். அவை போக மிஞ்சியது வாய்க்காலுக்கு.

2022-ல் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி ஏறியது நினைவிருக்கும். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு என்று தொடங்கி, பெரிய வீடுகளுக்கு அதைவிடப் பல மடங்கு. அதற்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, மத்திய வரிப் பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்று சொல்லும் 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரியை உயர்த்திக்கொண்டு போகாத நகரத்துக்கு மத்திய மானியம் கிடையாது என்று அந்தக் குழு சொல்லியிருந்தது. ஆக, முதல் அறையில் கொஞ்சமாவது போட்டால்தான் இன்னொரு அறை திறக்கும். 2025-ல் மதுரை மாநகராட்சியில் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் பதிந்ததாக எழுந்த வழக்கில் கைதுகள் நடந்தன, ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் சொல்லவேண்டியது. நாம் கவனிக்கவேண்டியது, குறைந்தது எந்த அறையின் பணம் என்பது. பெயர் எழுதாத பணம் அது.

இரண்டாவது, மாநிலத்தின் பங்கு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை ஊராட்சி முதல் மாநகராட்சி வரை பிரித்துக் கொடுப்பது என்பது மாநில நிதிக்குழு வழியாக வந்த ஏற்பாடு. மாத வாடகை மாதிரி வருகிற பணம், வந்த வேகத்தில் போய்விடும். பல சிறிய ஊராட்சிகள் பெரும்பாலும் இதில்தான் ஓடுகின்றன.

மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு, கிராம உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. மீதி 40-ஐ ஊர்த் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். மதுரை மாதிரி பத்து லட்சம் மக்களைத் தாண்டிய நகரத் தொகுதிகளுக்கு முடிச்சு இன்னும் இறுக்கம்: மூன்றில் ஒரு பங்கு காற்று மாசைக் குறைக்க, மூன்றில் இரண்டு பங்கு குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, குப்பை மேலாண்மைக்கு. வாய்க்காலில் குப்பை விழாமல் பார்த்துக்கொள்வதும் ஒருவகையில் வெள்ளத் தடுப்புதானே என்று வாதாடலாம். வாதாடத்தான் வேண்டும்.

நான்காவது, திட்டப் பணம். ஸ்மார்ட் சிட்டி, அம்ருத் (நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டம்), கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நமக்கு நாமே என்று பெயர்ப்பலகை வைத்து வருவது. மதுரை 2016-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் இடம்பிடித்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு இங்கிருந்தும் போடவேண்டும் என்பது ஏற்பாடு. பெரியார் பேருந்து நிலையமும் வைகையின் இரு கரைச் சுவர்களும் சாலைகளும் அதில் வந்தவை. முதல் அம்ருத் திட்டத்தில் மழைநீர் வடிகாலுக்கு ஓர் இடம் இருந்தது. 2021-ல் வந்த இரண்டாவது அம்ருத் குடிநீர், பாதாளச் சாக்கடை, நீர்நிலைப் புனரமைப்பு பக்கம் சாய்ந்தது. அதாவது 2018-ல் ஒரு தெரு வாய்க்காலுக்கு எழுதிய விண்ணப்பத்தை 2022-ல் அப்படியே தூசி தட்டிக் கொடுத்தால் செல்லாது. வேலை அதேதான், பெயரை மாற்றி எழுதவேண்டும். இந்தக் கலையில் தேர்ந்த பொறியாளர் ஒருவர் இருக்கும் ஊருக்குப் பணம் வருகிறது, இல்லாத ஊருக்கு வருவதில்லை. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

ரிங் ரோட்டுக்குக் கிடைத்தது

ஐந்தாவது அறை கடன். இங்கே மதுரைக்கு ஒரு பெருமை உண்டு, மதுரைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 2001-ல் மதுரை மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்தியாவில் ஒரு நகராட்சி சந்தையில் நேரடியாகக் கடன் வாங்குவது அன்று அபூர்வம். உள்வட்டச் சாலைக்கு, நம் பேச்சில் ரிங் ரோட்டுக்கு, வாங்கிய கடனை அடைக்க அந்தப் பணம். பத்திரம் வாங்கியவர்கள் எதை நம்பி வாங்கினார்கள்? ரிங் ரோட்டில் சுங்கச்சாவடி இருந்தது. லாரி போனால் காசு விழும்.

இப்போது அதே ஆட்களிடம் போய் பந்தல்குடிக் கால்வாய்க்குக் கடன் கேளுங்கள். மழைத்தண்ணீரை நிறுத்தி டோல் வாங்க முடியுமா? குடிநீர் இணைப்புக்கு மாதக் கட்டணம் உண்டு. பாதாளச் சாக்கடைக்கு வைப்புத்தொகை, கட்டணம் எல்லாம் உண்டு. மழைநீர் வடிகாலுக்கு மட்டும் யாரும் பில் கொடுப்பதில்லை. வருமானம் காட்ட முடியாத வேலைக்குக் கடன் வாங்கினால், கடைசியில் அதை அடைக்கவேண்டியது கொடியில் தொங்கிய அந்த ரசீதுதான். சென்னையின் பெரிய மழைநீர் வடிகால் திட்டங்கள் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மன் வளர்ச்சி வங்கி கடன்களில் வந்தவை. அந்த அளவு கடனைத் தாங்க மாநிலமே பின்னால் நிற்கவேண்டும். மதுரைக்கு அப்படி நிற்பதற்கு, வருத்தமாகத்தான் இருக்கிறது, தெரு மூழ்கியது தலைப்புச் செய்தியாக வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் அக்கா குறுக்கிட்டார். "அப்ப டோல் கேட்டு இருக்க ரோட்டுக்கு ஈஸியா குடுப்பாக. தண்ணி வடியுற ஓட்டைக்குக் குடுக்க மாட்டாக. அப்படித்தான?" அப்படித்தான்.

பக்கத்து வீட்டுப் பெட்டி

பேரிடர் நிதி நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இல்லை. அது மாநிலத்தின் அடுக்களையில் இருக்கிறது. இதை நூறு ரூபாயாகப் பிரித்துப் பார்த்தால் எளிது. 15-ஆவது நிதிக்குழு சொன்ன கணக்குப்படி, மாநிலப் பேரிடர் நிதியாக 100 ரூபாய் இருந்தால் அதில் 80 நிவாரணத் தரப்புக்கு: உடனடி மீட்பும் உதவியும் 40, உடைந்ததை மறுபடி கட்ட 30, ஒத்திகை, கருவிகள், பயிற்சி போன்ற ஆயத்தத்துக்கு 10. மீதி 20 ரூபாய்தான் தணிப்புக்கு, அதாவது அடுத்த வெள்ளம் வராமலோ குறைவாகவோ பார்த்துக்கொள்வதற்கு. நூறில் 75 ரூபாய் மத்திய அரசு, 25 மாநில அரசு.

இருபது ரூபாய் குறைவு என்று எரிச்சல்படுவதற்கு முன் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் குழுவுக்கு முன்பு தணிப்புக்கென்று நடைமுறையில் இப்படித் தனிப்பங்கே இல்லை. வெள்ளம் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை என்பதுதான் பழைய வழக்கம்.

தேசிய அளவிலும் ஒரு தணிப்பு நிதி உண்டு. நகர வெள்ளத்துக்கென்று அதில் 2,500 கோடி ஒதுக்கி, மக்கள்தொகையில் முன்னால் நிற்கும் ஏழு பெருநகரங்களுக்குப் பிரித்தார்கள். சென்னைக்கு மத்தியப் பங்காக 500 கோடி. மதுரை அந்த ஏழில் இல்லை. வரிசை மக்கள்தொகை வரிசையாக இருந்தால் இரண்டாம் கட்ட நகரம் என்றைக்கும் வெளியேதான் நிற்கும். 1993 நவம்பரில் வைகை வெள்ளம் மதுரையை என்ன செய்தது என்று அந்த வரிசைக்குத் தெரியாது.

புட்டும் பிரம்படியும்

மேலே சொன்ன அத்தனை அறைகளிலும் கட்டுவதற்குப் பணம் கிடைக்கும். கட்டியதைத் தூர்வார யாரும் தருவதில்லை. திறப்பு விழா நடத்த முடியாத வேலை அது. வாய்க்காலில் எடுத்த சேறு ஒரு வாரம் ரோட்டோரம் நாறிக்கொண்டு கிடக்கும், யாரும் பொன்னாடை போர்த்தமாட்டார்கள். ஆகவே அது முழுக்க முதல் அறையின் தலையில் விழுகிறது.

மதுரைக்கு இது பழைய தலைவலி. வைகைக் கரை உடைத்துக்கொண்டபோது பாண்டியன் என்ன செய்தான்? கரையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தான். ஆள் இல்லாத வந்திக் கிழவி, தன் பங்கை அடைக்கக் கூலிக்கு ஆள் பிடித்தாள். கூலி, உதிர்ந்த புட்டு. வந்தவரோ புட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினார். அப்புறம் விழுந்த பிரம்படி ஊரில் எல்லார் முதுகிலும் பட்டது. ஆவணி மூலத்தின்போது புட்டுத்தோப்பில் நாம் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு பார்ப்பது இதைத்தான். பக்தியைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்தால், பராமரிப்புக்கு ஆளுக்கொரு பங்கு, காசு இல்லாதவருக்கு உழைப்பு, ஒருவர் பங்கு அடைபடாவிட்டால் தண்ணீர் எல்லார் வீட்டுக்கும் என்கிற ஏற்பாடு அதில் தெளிவாக இருக்கிறது. செல்லூரில் ஒரே ஒரு வீட்டுக்காரர் வாய்க்கால் மேல் படிக்கட்டு கட்டினாலும் அடி மொத்தத் தெருவுக்குத்தான்.

குடிமராமத்து என்பது இதே வழக்கத்தின் பெயர். 2017-ல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரை மறுபடி எடுத்து, முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளை அறிவித்தது. பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ போடவேண்டும். கிராமத்துக் கண்மாய்க்கு இது பொருந்துகிறது. அங்கே மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம் உண்டு, கருவேல மர ஏலம் உண்டு, கண்மாய் தானே கொஞ்சம் சம்பாதிக்கும். கோடையில் வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2024-ல் அதற்கு வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கும்படி எளிதாக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், அரசு செலவில்லாமல் தூர் போகிறது, வயலுக்கு உரம் கிடைக்கிறது. நகரத்துக் கண்மாயில் சாக்கடை கலந்த சேற்றை எந்த விவசாயி டிராக்டர் கொண்டுவந்து அள்ளுவார்? நாம்தான் பணம் கொடுத்து அள்ளி, கொட்ட இடமும் தேடவேண்டும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கண்மாய் வேலை அதிகம் நடந்ததற்கும் ஒரு கணக்குக் காரணம் உண்டு. செலவில் குறைந்தது 60 விழுக்காடு கூலியாகப் போகவேண்டும், பொருளுக்கு 40-க்கு மேல் கூடாது என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த விதி. மண் வெட்டுவது கூலி, மடைக்குக் கதவு போடுவது பொருள். அதனால்தான் கரை பலமாகவும் மடை ஓட்டையாகவும் இருக்கும் கண்மாய்களைப் பார்க்கிறோம்.

ஐப்பசிக்கு முன்னால்

பணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மதிப்பீடு தயாராகி, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கி, டெண்டர் விட்டு, திறந்து, பணி ஆணை கொடுப்பதற்குள் மாதங்கள் ஓடும். டெண்டர் விளம்பரத்துக்கே குறைந்தது 15 நாள், 2 கோடி ரூபாயைத் தாண்டினால் 30 நாள் தரவேண்டும். முதல் டெண்டரில் யாரும் வராவிட்டால் மறுபடி. இடையில் தேர்தல் வந்தால் நடத்தை விதி. ஜூனில் பணி ஆணை கிடைத்த வாய்க்கால் செப்டம்பரில் முடியும். செப்டம்பரில் ஆணை கிடைத்த வாய்க்கால், அக்டோபர் மழைக்குள் வாய் பிளந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் அப்படித் தோண்டிப் போட்ட பள்ளத்தில் ஒரு வருஷம் நானே ஸ்கூட்டரோடு இறங்கியிருக்கிறேன். யார் வேலை என்று இங்கே சொல்லவில்லை, ஹெட்லைட் மாற்ற ஆன செலவு மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

இதனால்தான் வாய்க்காலைப் பற்றிக் கேட்கவேண்டிய மாதம் அக்டோபர் அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் எழுதும்போது கவுன்சிலரிடம் கேட்கலாம். கிராமம் என்றால் இன்னும் வசதி, ஆண்டுக்கு ஆறு கிராமசபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றே வருகிறது. அங்கே "எங்க ஊருக்கு ஏதாச்சும் செய்யுங்க" என்று கேட்டால் மனு ஃபைலுக்குள் போய்விடும். "வரத்துக்கால் இத்தனை மீட்டர் தூர்ந்திருக்கு, நிதிக்குழு மானியத்துல முடிச்சுப் போடாத பங்குல இதை வைங்க" என்று அறையைச் சொல்லிக் கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏற வாய்ப்பு அதிகம். எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. ஒரு சிறுபாலத்துக்கு அவை போதும், ஒரு கால்வாய்த் தொடருக்குக் காணாது. நமக்கு நாமே திட்டத்தில் பெரும்பாலான வேலைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு மக்கள் போடவேண்டும். வசதியான நகர் நலச்சங்கங்கள் அதைத் திரட்டிவிடுகின்றன. அதிகம் மூழ்கும் தெருக்களில் அப்படித் திரட்டக்கூடிய ஆட்கள் குறைவு என்பது எனக்கு உறுத்தும் விஷயம்.

வேலை நடக்கும் இடத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். திட்டத்தின் பெயர், பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், தொடங்கிய நாள், முடிக்கவேண்டிய நாள். முதல் வரியைப் பார்த்தால் எந்த அறையின் பணம் என்று தெரிந்துவிடும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடும் ரோடுகளுக்கு, போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பலகையில் அதற்கும் ஒரு வரி இருக்கும். வாய்க்காலுக்கும் அப்படி ஒன்றைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை.

அக்டோபர் இரண்டாம் அரையாண்டின் முதல் மாதம். 31-ஆம் தேதிக்குள் வீட்டுவரி கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். போன தடவை அக்கா தேதிக்குள் கட்டிவிட்டார். புது ரசீதைத் தகரப்பெட்டியில் வைக்கவில்லை. பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் போட்டு மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறார். தரையிலிருந்து ஆறடி உயரம்.